பார்கோடு இல்லாத டிவிடிகளைப் பட்டியலிட உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். என் தந்தையார் ஆசையாகச் சேர்த்த தமிழ்ப் பட டிவிடிகளைக் கைப்பேசியில் பார்கோடு ஸ்கேன் செய்து பட்டியலிட்டு வருகிறேன். 890 என்று தொடங்கும் இந்திய எண்களிலும், முன்னால் ஒரு சுழியம் சேர்த்தால் 13 இலக்கமாகிவிடும் 12 இலக்க அமெரிக்க எண்களிலும் சிக்கல் இல்லை. ஆனால் பல உறைகளில் அசல் பார்கோட்டை மறைத்துக் கடை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுள்ளது. 2 என்று தொடங்கும் அந்த எண்கள் கடையின் உள்பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை என்பதால், வெளியே தேடிப் பயனில்லை.

பார்கோடே இல்லாத காகித உறை வட்டுகளுக்கு, பளபளப்பான பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றியுள்ள பொடி எழுத்துகளை, வட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்து எழுதுகிறேன். அவற்றுள் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் குறியீடு வட்டைத் தயாரித்த ஆலையைக் காட்டுமே தவிரப் படத்தைக் காட்டாது. ஆகவே அதன் அருகிலுள்ள மேட்ரிக்ஸ் எண்ணையே, அதாவது வட்டின் மூலப்பதிப்புக்கு இடப்படும் எண்ணையே, அடையாளமாகக் கொள்வது சரியென்று கருதுகிறேன். உங்கள் அனுபவமும் இதுதானா?

மேலும், ஒரே வட்டில் மூன்று படங்கள் இருக்கும்போது வட்டுக்கு ஒரு பதிவு போதுமா, படத்துக்கு ஒன்றாக எழுத வேண்டுமா? பார்கோடு இல்லாமலே நாமே எண் கொடுத்துப் பதிய இடமளிக்கும், தமிழ் எழுத்தில் தேடக்கூடிய செயலியை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் அதன் பெயரைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.