க்யூஏ (தரச் சோதனை) ஸ்கோர் இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே போகிறது, காது மந்தமாகிவிட்டதா? வீட்டிலிருந்து டிரான்ஸ்கிரிப்ஷன் செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்

இரவுக்காது:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடித்து ஒரு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்து மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்த்தேன், அதாவது டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் டிக்டேஷனைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்ய ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை, ஸ்கோர் 98.5-க்குக் கீழே போனதே கிடையாது. அப்புறம் 97, 96 என்று வந்து போன வாரம் 95.2. எங்கள் கம்பெனியில் 98-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் நேரடியாக அனுப்பும் உரிமையைப் பிடுங்கிவிடுவார்கள், அத்தனை ரிப்போர்ட்டும் க்யூஏ வழியாகத்தான் போகும்.

தவறுகள் எப்படிப்பட்டவை என்றால், டாக்டர் சிக்ஸ்டி என்கிறார், நான் ஃபிஃப்டி என்று போட்டிருக்கிறேன். சிஸ்ட் என்பது எனக்கு ஃபிஸ்ட் என்று கேட்கிறது. டிஸ்ஃபேஜியா (விழுங்கச் சிரமம்), டிஸ்ஃபேசியா (பேச்சுக் குறைபாடு) இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இலியம் என்ற குடல் பகுதிக்குப் பதில் இடுப்பெலும்பு இலியத்தின் ஸ்பெல்லிங்கைப் போட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிரிட்டிக்கல் எரர்: ஹைட்ராக்ஸிசைன் 25 மி.கி. இருக்கவேண்டிய இடத்தில் ஹைட்ரலசைன் 25 மி.கி. போயிருக்கிறது. அதற்கு மட்டும் தனியாக மெயில் வந்தது. படித்துவிட்டு அன்று மேற்கொண்டு ஒரு லைன்கூட அடிக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் ஆடியோவை ஓட்டவும் நிறுத்தவும் காலால் மிதிக்கும் ஃபுட் பெடல் வேறு நினைத்த நேரத்தில் செத்துப்போகிறது. பிடுங்கிச் சொருகினால் உயிர் வரும். லைன் கவுன்ட்டும், அதாவது அடித்து முடிக்கும் வரிகளின் எண்ணிக்கையும் விழுந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நான் சும்மா உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருப்பதாகவே நினைக்கிறார்கள். மாமியார் தோளைத் தட்டி எதையாவது கேட்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன், திரும்பி வந்து மிதிக்கும்போது அந்த வாக்கியம் எங்கே ஆரம்பித்தது என்பதே மறந்துபோகிறது.

காது டாக்டரிடம் போகட்டுமா, இல்லை வேலையையே விட்டுவிடட்டுமா? எனக்குப் புரியாத ஒரு பத்து நொடி ஆடியோவை வெட்டி இங்கே இணைக்கிறேன், உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று சொல்கிறீர்களா?

பழைய க்யூஏ:
முதல் வேலை, அந்த ஆடியோவை இணைக்காதே. பத்து நொடியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். அமெரிக்க டிக்டேஷன் என்றால் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் இருக்கிறது, அதில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் 18 வகை அடையாளங்களைச் சொல்லியிருக்கிறார்கள், பெயரும் ரெக்கார்டு எண்ணும் மட்டும் இல்லை, நோயாளி அட்மிட் ஆன தேதிகூட அதில் ஒன்று. வேறு நாட்டு டிக்டேஷனாக இருந்தாலும் அது நோயாளியின் சமாச்சாரம், நம்முடையது இல்லை. ஸ்கோர் 95 ஆனதற்காக யாரையும் வேலையைவிட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை, இந்தக் காரணத்துக்காக அனுப்பிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நீ சொன்ன தவறுகளை எல்லாம் ஒரே கூடையில் போடாதே. இலியம் இரண்டும் காதுக்கு ஒன்றுதான், யாருக்குமே வித்தியாசம் கேட்காது. கொலோனாஸ்கோப்பி ரிப்போர்ட்டில் வந்தால் குடல், எலும்பு டாக்டர் சொன்னால் இடுப்பு, அவ்வளவுதான். அது அறிவுத் தவறு. மருந்துத் தவறு இருக்கிறதே, அது நீ முதலிலிருந்து அடித்த ரிப்போர்ட்டா, இல்லை ஸ்பீச் ரெகக்னிஷன் மென்பொருள் தானாகக் கேட்டு அடித்த டிராஃப்டை எடிட் செய்ததா? பதில் சொல். சிக்ஸ்டி ஃபிஃப்டி மட்டும்தான் உண்மையில் காதுச் சமாச்சாரமாகத் தெரிகிறது.

கோடிங்போறேன்:
உண்மையைச் சொன்னால் கோபப்படாதீர்கள். இந்தத் தொழில் டைப்பிங்கிலிருந்து எடிட்டிங்குக்கு இறங்கிவிட்டது, எடிட்டிங் லைனுக்கு எனக்குப் பாதி ரேட்தான் தந்தார்கள். டிராஃப்ட் குப்பையாக வந்து முழுக்கத் திரும்ப அடித்தாலும் அதே பாதிதான். காதையும் கண்ணையும் கெடுத்துக்கொள்வதற்குப் பதில் மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை) படியுங்கள். நான் மாறிவிட்டேன்.

வயர்பைத்தியம்:
மேலே இருப்பவர் சொல்வது தனி விவாதம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேறொரு சந்தேகம். சிக்ஸ்டி ஃபிஃப்டி, சிஸ்ட் ஃபிஸ்ட், இரண்டிலும் எஸ் ஒலியும் எஃப் ஒலியும்தான் குழம்புகிறது. காது மங்கினாலும் இப்படிக் குழம்பலாம், ஆனால் அது பெரும்பாலும் மெதுவாக வரும், நீங்கள் இரண்டு மாதத்தில் திடீரென்று வந்தது என்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது? ஹெட்போன், கம்ப்யூட்டர், மென்பொருள், ஏதாவது?

இரவுக்காது:
அக்கா, ஆடியோ போடவில்லை, நன்றி. யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

மருந்து வந்த ரிப்போர்ட் டிராஃப்ட்தான், எடிட்டிங். டிராஃப்ட்டிலேயே ஹைட்ரலசைன் என்று இருந்தது.

@வயர்பைத்தியம், அலுவலகத்தில் கொடுத்த வயர் ஹெட்செட்டின் வயர் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி அறுந்துவிட்டது. தம்பி ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கித் தந்தான். ஆனால் அது நல்ல ஹெட்போன், பாட்டுக் கேட்டால் அருமையாக இருக்கிறது, அதனால் அதைச் சந்தேகப்படவில்லை. ஆமாம், இன்னொன்றும் அதே சமயத்தில்தான் வந்தது. ஷிஃப்ட் முழுக்க எல்லோரும் ஒரு செயலியில் ஆன்லைன் வாய்ஸ் ரூமில் ம்யூட்டில் இருக்கவேண்டும் என்று டீம் லீட் சொன்னார், சந்தேகம் இருந்தால் உடனே கேட்டுக்கொள்ளலாம் என்று.

வயர்பைத்தியம்:
பிடிபட்டது என்று நினைக்கிறேன். ரூமிலிருந்து வெளியே வாருங்கள், அந்தச் செயலியை முழுக்க மூடுங்கள், அதே டிக்டேஷனில் அதே இடத்தைத் திரும்பக் கேளுங்கள். கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

இரவுக்காது:
ஐயோ. சிக்ஸ்டி. தெளிவாக சிக்ஸ்டி. டாக்டர் பக்கத்தில் யாரோ பேப்பர் புரட்டும் சத்தம்கூடக் கேட்கிறது. ரூமுக்குள் போனால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

வயர்பைத்தியம்:
ப்ளூடூத் ஹெட்போனுக்கு இரண்டு முகம் உண்டு. கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் நல்ல ஸ்டீரியோ. ஏதாவது ஒரு செயலி அதன் மைக்கைத் திறந்துவிட்டால் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறி, பேசுவதும் கேட்பதும் ஒரே குறுகலான வழியில் போகும், தரம் கிட்டத்தட்ட டெலிபோனுக்கு இறங்கிவிடும். நீங்கள் ம்யூட்டில் இருந்தாலும் பல செயலிகள் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறையில் சாம்பிளிங் 8 கிலோஹெர்ட்ஸ், அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எதுவுமே வராது. எஸ் சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. போனில் பெயரை ஸ்பெல் செய்யும்போது எஸ்ஸா எஃப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்களே, அதே கதைதான். பாட்டுக் கேட்கும்போது நீங்கள் ரூமில் இருந்திருக்க மாட்டீர்கள், அதனால் ஹெட்போன் நல்லதாகவே தெரிந்திருக்கிறது.

டாக்டர் டெலிபோன் வழியாக டிக்டேட் செய்திருந்தால் அது ஏற்கெனவே குறுகின ஒலிதான், அதை நாம் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் அதை இன்னொரு தடவை நசுக்கிக் கேட்கவேண்டாமே. வயர் ஹெட்போன் வாங்குங்கள், விலை உயர்ந்தது தேவையில்லை. ரூமில் இருந்தே ஆகவேண்டும் என்றால் செல்போனிலிருந்து சேருங்கள், கம்ப்யூட்டரை டிக்டேஷனுக்கு மட்டும் விடுங்கள்.

பழைய க்யூஏ:
அந்த ரூமைப் பற்றி எனக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேர் கேட்டதை வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே அடிப்பவர்கள், நானும்தான். மைக் தவறுதலாகத் திறந்திருந்தால் நோயாளி பெயர் மொத்த டீமுக்கும் கேட்கும். லீடிடம் இதைச் சொல், சவுண்ட் தரம் என்று சொன்னால் அலட்சியமாக இருப்பார், இதைச் சொன்னால் கேட்பார்.

இப்போது மருந்துக்கு வா. அந்த ரிப்போர்ட்டில் நோயாளிக்கு என்ன பிரச்சினை?

இரவுக்காது:
உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. அர்ட்டிகேரியா. இதை எழுதும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது அக்கா.

பழைய க்யூஏ:
புரிந்தாலும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது படிப்பார்கள். ஹைட்ரலசைன் ரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்ஸிசைன் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இரண்டிலும் 25 மி.கி. மாத்திரை இருப்பதால் டோஸைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த ஜோடியைக் குழப்பம் தரும் பெயர்கள் என்று பட்டியலில் வைத்து, வித்தியாசப்படும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறது, டால் மேன் எழுத்து என்பார்கள். அந்த அளவுக்குக் கெட்டபெயர் வாங்கிய ஜோடி.

டிராஃப்ட் எடிட் செய்யும்போது என்ன ஆகிறது தெரியுமா, கண் முதலில் படித்துவிடுகிறது, காது அதற்கு ஆமாம் போட்டுவிடுகிறது. வெற்றுத் திரையில் அடிக்கும்போது இப்படி நடக்காது. அதனால் மருந்து, டோஸ், இடது வலது, ‘நோ’ என்ற சொல், இந்த நாலு வரும் இடத்தில் மட்டும் நான் கண்ணைத் திரையைவிட்டு எடுத்துவிடுவேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பேன், அப்புறம்தான் திரும்பி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும். மருந்து வந்தால் அது எந்த நோய்க்கு என்று ரிப்போர்ட்டில் மேலே ஒரு பார்வை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்தை ப்ளாங்க்காக விட்டு, ஆடியோவில் அது வரும் நேரத்தைக் குறித்து அனுப்பு. ப்ளாங்க் அதிகமானால் திட்டுவார்கள்தான். திட்டு வாங்கிக்கொள்.

மணிக்கட்டு:
பெடல் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். யூஎஸ்பி பெடல்தானே? ஒரு மருந்தைத் தேடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்து மிதித்தால் செத்திருக்கிறதா, அல்லது மிதித்துக்கொண்டிருக்கும்போதே சாகிறதா? முதலாவது என்றால் விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக அந்த போர்ட்டைத் தூங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பல சாதனம் சொருகும் ஹப்பில் மாட்டியிருந்தால் அங்கிருந்து எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். கம்பெனி பூட்டிவைத்த கம்ப்யூட்டர் என்றால் ஐடிக்காரரிடம் இதையே அப்படியே சொல்லுங்கள், புரியும்.

தோளைத் தட்டும் பிரச்சினைக்கு ஆட்டோ பேக்ஸ்டெப்பைக் கூட்டுங்கள். காலை எடுத்து மறுபடி மிதித்தால் எத்தனை நொடி பின்னால் போய் ஆரம்பிக்கவேண்டும் என்பது அது. நான் இரண்டு நொடி வைத்திருக்கிறேன். மாமியாரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று, குறுக்கத்தை அடித்தால் முழுச் சொல்லாக விரித்துத் தரும் எக்ஸ்பாண்டர் வைத்திருந்தால் உங்கள் குறுக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். ஹைப்பர்டென்ஷனுக்கும் ஹைப்போடென்ஷனுக்கும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் குறுக்கம் வைத்திருந்தேன், களைப்பில் விரல் வழுக்கி நோயாளிக்கு ரத்த அழுத்தம் தலைகீழானது. இப்போது ஹைப்போவுக்குக் குறுக்கமே கிடையாது, முழுசாக அடிக்கிறேன்.

ரெண்டுபிள்ளைஅம்மா:
மாமியாருக்கு நான் பதில் சொல்கிறேன் மணிக்கட்டு.

‘வேலை இருக்கிறது’ என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் ஏறாது, ஏனென்றால் நாம் எப்போதும் வேலையில்தான் இருக்கிறோம். நான் கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டுவேன். துணி இருந்தால் யாரும் வரக்கூடாது, வீட்டில் தீப்பிடித்தால் மட்டும் வரலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே துணியை அவிழ்த்துவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் இருப்பேன், அந்த ஐந்து நிமிடத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் உண்டு. எப்போது வெளியே வருவாள் என்று தெரிந்தால் பெரியவர்களும் காத்திருக்கிறார்கள். முதல் வாரம் சண்டை நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் ஒருநாள் மாமியாரைக் கூப்பிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன், நோயாளி சம்பந்தப்பட்டது இல்லை, பயிற்சிக்காகக் கொடுத்த மாதிரி ஆடியோ. வேகமாகப் பேசும் ஒருவர், பின்னால் பீப் பீப் என்று ஏதோ கருவி. அரை நிமிடம் கேட்டுவிட்டு, இதையா ராத்திரி முழுக்கக் கேட்கிறாய் என்றார். அதற்கப்புறம் துணிக்கு மரியாதை வந்துவிட்டது.

இரவுக்காது (பதினொரு நாள் கழித்து):
வந்து சொல்லாமல் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வயர் ஹெட்போன் வாங்கிவிட்டேன். மைக் திறந்திருந்தால் பெயர் கேட்டுவிடும் என்று அக்கா சொன்ன மாதிரியே லீடிடம் சொன்னேன், மறுநாளே ரூமை எடுத்துவிட்டு எழுத்து சாட் மட்டும் வைத்துவிட்டார். பெடல் தூங்குகிற பிரச்சினைதான், ஐடிக்காரர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

இந்த வார ஸ்கோர் 97.8. இன்னும் 98 ஆகவில்லை. வந்த தவறுகளை அக்கா சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்தேன், காதுத் தவறு ஒன்றே ஒன்று, மீதி எல்லாம் டிராஃப்டை நம்பியது. அரிப்பு மாத்திரையையும் ஹெட்போன் மேல் போட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது, ஆனால் அந்த ஆடியோவைத் திரும்பக் கேட்டேன், ரூமுக்குள் இருந்து கேட்டாலும் ஆக்ஸி என்றுதான் கேட்கிறது. நான் கேட்கவே இல்லை, படித்திருக்கிறேன். இப்போது சுவரில் ஒரு புள்ளி போட்டு வைத்திருக்கிறேன், மருந்து வந்தால் அதைப் பார்ப்பதற்கு.

மாமியாரிடம் துணி இன்னும் சண்டைக் கட்டத்தில் இருக்கிறது.

@வயர்பைத்தியம், கடைசியாக ஒரு சந்தேகம். புது வயரும் நேற்று நாற்காலிச் சக்கரத்துக்குள் போய்விட்டது, நல்ல வேளை அறவில்லை. இதற்கு என்ன செய்வது?

வயர்பைத்தியம்:
வயரை நாற்காலிப் பக்கம் தொங்கவிடாதீர்கள். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மேசை விளிம்பில் மாட்டி, வயரை அதற்குள் நுழைத்து, கிளிப்பிலிருந்து காதுவரை எழுந்து நிற்கும் அளவுக்கு மட்டும் நீளம் விடுங்கள். மீதியைச் சுருட்டி மேசைமேல் வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். எழும்போது ஹெட்போனைக் கழற்றவும் மறக்காதீர்கள், நான் இரண்டு தடவை லேப்டாப்பையே இழுத்துக் கீழே போட்டிருக்கிறேன்.