ஈடிஐடிக்குத் தமிழில் ‘திரைக்குறிப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மொனிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்கிற விவரத் தொகுப்புத்தான் ஈடிஐடி (EDID). மென்பொருளைத் தமிழாக்கும் நம் குழுவில் போன கிழமை அதற்கு ‘நீட்டிக்கப்பட்ட காட்சி அடையாளத் தரவு’ என்று ஒருவர் முன்வைத்திருந்தார். பொருளில் பிழையில்லை. ஆனால் பிழைச்செய்தி வருகிற சின்னப் பெட்டிக்குள் அது அடங்காது. அடங்கினாலும் என்னிடம் வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் திருகோணமலையில் கணினி திருத்துகிறவன். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் வங்காள விரிகுடா. வாடை தொடங்கினால் கதவுப் பிணைச்சலே கறள் கட்டும் ஊர் இது. கேபிள் பின்கள் எம்மட்டு!

அண்மையில் உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கணினியைக் கொண்டுவந்தார். புது கிராபிக்ஸ் கார்ட், அதை மொனிட்டரோடு இணைக்கப் பழைய டிவிஐ கேபிள். 1920×1080 காட்ட வேண்டிய மொனிட்டர் 1024×768 ஐத் தாண்டவில்லை. “கார்ட் பழுதோ தம்பி?” என்றார். லினக்ஸைப் போட்டு ஈடிஐடி கோப்பைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. கேபிளைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மேல் வரிசையில் 6ஆம், 7ஆம் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. மொனிட்டர் தன் விவரத்தைக் கார்ட்டுக்குச் சொல்கிற கடிகாரக் கம்பியும் தரவுக் கம்பியும் அவைதான். மொனிட்டர் செருகப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிற 16ஆம் பின் சுத்தமாக இருந்தது. அதனால்தான் ஏதோ மொனிட்டர் வந்திருக்கிறது என்று கார்ட்டுக்குத் தெரிந்தது. எப்படிப்பட்டது என்றுதான் தெரியவில்லை. தெரியாத ஆளுக்கு ஆபத்தில்லாத அளவில் படத்தை அனுப்பிவிட்டு இருந்துவிட்டது.

“சேர், உங்கட மொனிட்டர் தன்ர குறிப்பைக் குடுக்குதில்லை” என்றேன், யோசிக்காமலே.

“குறிப்பில்லாமல் எப்பிடித் தம்பி பொருத்தம் பாக்கிறது!” என்று சிரித்தார். எங்கள் பக்கம் குறிப்பென்றால் சாதகமும்தான்.

அந்தச் சொல்லைத்தான் இங்கே கொண்டுவருகிறேன்: திரைக்குறிப்பு. ‘அடையாளம்’ எனக்கு ஒட்டவில்லை. அடையாள அட்டை ஆள் யாரென்று மட்டும் சொல்லும். ஈடிஐடியின் அடிப்படைத் தொகுதி 128 பைட். அதற்குள் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, அகலம் உயரம் சென்ரிமீற்றரில், தாங்கக்கூடிய பிரிதிறன்கள் எல்லாம் இருக்கின்றன. பிறந்த வருசமும் உண்டு. அதை 1990 ஐக் கழித்து எழுதுவார்கள்: 2014 இல் செய்த மொனிட்டரில் 24 என்று இருக்கும். கடைசிப் பைட் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க; 128 பைட்டுகளின் பெறுமதிகளையும் கூட்டினால் 256 ஆல் மிச்சமின்றிப் பிரிபட வேண்டும். சாத்திரியாரின் கணக்குக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

(பின்களை அல்ககோல் விட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். இரண்டு நாள் ஓடியது. பிறகு கேபிளையே மாற்றினோம்.)

கணினி ஓடும்போதே கேபிளைச் செருகுகிற ‘ஹொட் பிளக்’குக்கு யாரோ எழுதிய ‘சூடான செருகல்’ பற்றி இப்போது வாய் திறக்கவில்லை.

மதுரையிலிருந்து வந்த மறுமொழி:

கதை அருமை சார். ஆனா எங்க பக்கம் குறிப்புன்னா நோட்ஸ்தான்; நீங்க சொல்றதுக்கு ஜாதகம்னு சொல்வோம். அதோட ‘திரை’ன்னாலே இங்க சினிமா. ‘திரைக்குறிப்பு’ன்னு பார்த்தா வெள்ளிக்கிழமை வர்ற பட விமர்சனம்னு நினைச்சுப்பாங்க. ‘திரைச் சாதகம்’னு வைக்கலாமா?

என் பதில்:

சினிமா விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் ஐயா, அது எனக்குத் தோன்றவில்லை. சாதகம் வேண்டாம். ‘சாதகம் இல்லை’ என்று திரையில் வந்தால் ஏதோ காரியம் கைகூடாது என்று பயந்து கணினியை நிறுத்திவிடுவார்கள். குறிப்பை நோட்ஸ் என்று எடுத்தாலும் கருத்துக் கெடாது. மொனிட்டர் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் நோட்ஸ்தானே அது. ‘திரை’யை மட்டும் மாற்றுவோம். மொனிட்டருக்குத் ‘திரையகம்’ என்பது உங்கள் பக்கமும் புழங்குகிறது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போதைக்கு ‘திரையகக் குறிப்பை வாசிக்க முடியவில்லை. கேபிளைச் சரிபார்க்கவும்.’ என்று இட்டிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே அனுப்பிவிடுவேன்.