புது ராணுவ வரலாற்று இதழ்: படித்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோட்டைவாசி, வேலூர்

இதழ் நன்றாக இருக்கிறதா, 150 ரூபாய்க்குத் தகுமா என்ற சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். படித்தபோதோ யாரிடமாவது காட்டியபோதோ நடந்த ஏதாவது ஒன்று மனதில் உறுத்திக்கொண்டிருந்தால் எழுதுங்கள். எனக்கு ஒன்று உறுத்துகிறது, அதனால்தான் ஆரம்பிக்கிறேன்.

1806 வேலூர் சிப்பாய்க் கலகம் பற்றிய கட்டுரையை எல்லோரும் படித்திருப்பீர்கள். கலகத்தை அடக்க வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்தது, கோட்டைச் சுவரில் கயிறு பிடித்து ஏறியது எல்லாம் பக்கம் பக்கமாக, சினிமா மாதிரி. சிப்பாய்களுக்குக் கொடுத்த புதுத் தலைப்பாகைக்கு ஒரு பத்தியும் ஒரு கோட்டுப்படமும். என் மாமனார் ராணிப்பேட்டையில் டேனரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். வரலாறு எல்லாம் படிக்க மாட்டார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் குஞ்சத்தைத் தோல்ங்கறான். எந்தத் தோல்?"

கட்டுரையைத் திரும்பவும் தேடினேன். 'தோலால் ஆன குஞ்சம்' என்பதோடு சரி. "மாடா, ஆடா, பன்னியா? தோல்னா ஒரே தோலா மாப்ள?" என்று கேட்டுவிட்டு இதழை என் மடியில் வைத்தார். அன்றைக்கு அந்தத் தலைப்பாகையைத் தலையில் வைக்கச் சொன்னபோது சிப்பாய்கள் கேட்டதும் இதையேதான். நீறு பூசாதே, தாடியை எடு, இதை மாட்டு என்றார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் வெட்டுக்குத்து. பத்துப் பக்கம் எழுதியவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார். நானும் மூன்று முறை படித்தும் கவனிக்கவில்லை.

பழைய துறைமுகம்

அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. அட்டையில் நான்கு! எழும்பூர் பக்கம் ஒரு கடையில் நின்று விரலை வைத்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன். கடைப் பையன், "சார், வாங்கறீங்களா, எண்ணிட்டே இருக்கப் போறீங்களா?" என்றான். வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன்.

பதில் வந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஐயா, அது வேண்டுமென்றே வரைந்தது. எம்டன் துணியும் மரச்சட்டமும் வைத்துப் போலியாக நான்காவது புகைபோக்கி கட்டியிருந்தது, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய." தெரியும் ஐயா, அது எனக்கும் தெரியும். பெனாங்கு துறைமுகத்துக்குள் அதை மாட்டிக்கொண்டுதான் நுழைந்தது, அக்டோபர் 28ஆம் தேதி. ஆனால் படத்தின் கீழே 'மதராஸ், 1914 செப்டம்பர் 22' என்று போட்டிருக்கிறீர்களே! இரவு ஒன்பதரை மணி. தேடுவிளக்கை பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் மேல் அடித்துவிட்டு நூற்றுக்கு மேல் குண்டு போட்ட கப்பல். கரையில் இருந்தவர்கள் வண்டி கட்டி ஊரை விட்டு ஓடினார்கள். புகைபோக்கியை எண்ணியது யார்?

உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. அதையாவது படம் எடுத்துப் போட்டிருக்கலாம்.

வாத்தியார் மகன், நாகர்கோவில்

நானும் எம்டன் கட்டுரைதான், ஆனால் புகைபோக்கி இல்லை.

அப்பா வரலாற்று ஆசிரியர், ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை எம்டன் தளத்தில் நின்றுகொண்டு, "கோட்டையைச் சுடு, கோயில் பக்கம் போகாதே" என்று வழிகாட்டினார் என்று வகுப்பில் நடித்தே காட்டுவார். மேசைதான் கப்பல், ஸ்கேல்தான் பீரங்கி. நானே அந்த வகுப்பில் உட்கார்ந்து கை தட்டியவன்.

இதழில் ஒரு பெட்டிச் செய்தி. 1914 செப்டம்பரில் அவர் சூரிச்சில் இருந்தார், அடுத்த மாதம்தான் பெர்லினுக்கே போனார், கப்பலோ ஜூலை கடைசியில் சீனாவின் சிங்தாவிலிருந்து கிளம்பிவிட்டது, நடுக்கடலில் எப்படி ஏறியிருப்பார் என்று கேட்டு நான்கு வரி. அப்பா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். அப்புறம் மனதுக்குள் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"முப்பது வருஷமா சொல்லியிருக்கேனே டா."

அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி சாப்பிட வரவில்லை. இதழ் சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வாங்கிக் கொடுத்தது நான்.

குமரித் தென்றல்

வாத்தியார் மகனுக்கு: அப்பாவிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் இருந்துகொண்டு இந்தியாவுக்காக உழைத்தவர், 1934இல் பெர்லினிலேயே இறந்தவர். அவருடைய சாம்பல் 1966இல் போர்க்கப்பலில் கொச்சி வந்து சேர்ந்தது. அப்பேர்ப்பட்டவரை நான்கு வரியில் கப்பலிலிருந்து இறக்கிவிட இந்த இதழ் யார்? ரகசியமாகப் போனவர் பெயர் கப்பல் ஆட்கள் பட்டியலில் எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் இன்றைக்கும் இதைச் சொல்லாத பெரியவர் கிடையாது. எனக்கு நடந்தது என்று தனியாக ஒன்றும் இல்லை. கோபம் வந்தது, அதுதான் அனுபவம்.

பழைய துறைமுகம்

தென்றல் சார், கோபத்தில் கணக்கு மாறாது. அவர் எம்டனில் ஏறாததால் அவர் செய்த வேலை எதுவும் குறையவில்லை. ஒருவனைப் பெரிய ஆளாக்க அவன் போகாத கப்பலில் ஏற்ற வேண்டுமா? நிற்க, சுட்டது கோட்டையை இல்லை, எண்ணெய்த் தொட்டியை.

ஜவ்வாதுமலை

நான் இதெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. தம்பி வாங்கி வைத்திருந்தான், மின்சாரம் இல்லாத ஒரு மத்தியானம் விசிறிக்கொள்ளத்தான் எடுத்தேன். நடுப்பக்கத்தில் பதக்கங்கள், கலரில். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம், 'பர்மா ஸ்டார்' என்று கீழே, இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்ததாம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் தலையைத் தூக்கினேன். எதிரே பாட்டி இடுப்பில் தொங்குகிறது.

பீரோ சாவிக்கொத்து! நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பல் முளைத்தபோது அதைத்தான் கடித்தேனாம். ஒரு முனை மழுங்கியே போய்விட்டது. "ஆயா, இது ஏது?" என்றால், "உங்க தாத்தா கொண்டாந்த வில்லை. சாவி தொலையாம இருக்கட்டும்னு கோத்தேன்" என்றார். தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று தெரியும். பர்மா வரைக்கும் நடந்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆயாவுக்கும் தெரியாது. "தூரமா போனாரு, வந்தாரு" என்றுதான் சொல்லத் தெரிகிறது.

விசிறியைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற சுபேதார், பெங்களூர்

நான் மதராஸ் சாப்பர், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரன். எங்களைத் தம்பி என்றுதான் மற்ற ரெஜிமெண்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் சுபேதார் சுப்ரமணியன் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றியதை எழுதியிருக்கிறார்கள். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கிய செய்தி எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்த கதை. ஆனாலும் அந்தப் பக்கத்தை என்னால் திருப்ப முடியவில்லை, காப்பி ஆறிவிட்டது. என் கதை அவ்வளவே.

ஜவ்வாதுமலை அம்மாவுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். முதலில் அந்த நட்சத்திரத்தைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றுங்கள். புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள், செய்தால் எழுத்து போய்விடும். எழுத்து எங்கே என்கிறீர்களா? பின்பக்கம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இந்த நட்சத்திரங்களைப் பெயர் போடாமலே கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் பெரும்பாலும் பின்னால் பட்டாள எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் சின்ன எழுத்தில் குத்தியிருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தாலும் தெரியும். எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள், எண்தான் பிடி. பிரிவு மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகம், சாப்பர் என்றால் இங்கே பெங்களூர். கடிதத்தில் தாத்தாவின் அப்பா பெயர், சொந்த ஊர், அந்தக் காலத்துத் தாலுகா பெயர் எழுதுங்கள், இப்போதைய மாவட்டப் பெயரை எழுதினால் அவர்களுக்குப் புரியாது. பாட்டிக்கு ஓய்வூதியப் புத்தகம் எதாவது இருந்ததா என்று டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் காகிதத்தையும் தூக்கிப் பாருங்கள், அங்கேதான் இருக்கும். ரிப்பன் கிடைத்தால் துவைக்காதீர்கள். நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. விற்கச் சொல்லி ஆள் வருவான், விற்காதீர்கள்.

ஜவ்வாதுமலை

ஐயா, நான் ஒன்றும் கேட்கவே இல்லையே! இருந்தாலும் நன்றி. ஆயா கழற்றக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

தோட்டத்துப் பையன், ஈப்போ

அண்ணன்மார்களே, நீங்கள் புகைபோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் எதை எண்ணினேன் என்று சொல்லவா? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை பற்றிய கட்டுரையில் 'தமிழ்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று. இரண்டு. எட்டுப் பக்கத்தில் இரண்டு.

சென்னையிலிருந்து நண்பர் அனுப்பினார். பாட்டிக்குத் தொண்ணூற்று நாலு வயது. அவருடைய அண்ணன் தோட்டத்திலிருந்து போனவர். மூன்று மாதம் வேலை, அரிசி தருகிறோம், திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்றார்களாம். லாரியில் ஏறும்போது தன் சட்டையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனாராம், அங்கே கம்பெனிச் சட்டை தருவார்கள் என்று. அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகளைப் புதைத்த, தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தின் படம் இதழில் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. வரிசை வரிசையாகக் கல், புல் வெட்டி, பூச்செடி வைத்து. பாட்டி விரலை முதல் வரிசையில் வைத்தார். ஒவ்வொரு கல்லாக நகர்த்தினார். படிக்கத் தெரியாது அவருக்கு.

"இதுல அண்ணன் எது?"

415 கிலோமீட்டர் பாதை. நேசநாட்டுக் கைதிகளில் இறந்தவர் சுமார் 12,000. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போன தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். கைதிகளுக்குப் பெயர் எழுதி வைக்க ஆள் இருந்தது. நம் ஆட்கள் காலராவில் விழுந்தபோது யார் எழுதினது? "அது வெள்ளைக்காரங்க இடம் பாட்டி" என்று சொன்னேன். விரலை எடுக்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் போனார்.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய துறைமுகம்

தம்பி, எழுதுகிறேன். ஆனால் ஒன்று. தப்பான புகைபோக்கியை விட்டுக்கொடுக்கிற இதழ் நாளைக்கு உங்கள் பாட்டியின் கதையையும் தப்பாகத்தான் போடும். இரண்டும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள்.

தோட்டத்துப் பையன், ஈப்போ

தப்பாகப் போட முதலில் போட வேண்டுமே அண்ணே.

கல்லடிப் பாலம், மட்டக்களப்பு

நான் சுருக்கமாச் சொல்லுறன். எங்கட அம்மப்பா, தான் பள்ளிக்கூடம் போற வயசில ஒரு நாள் காலமை கடல் பக்கம் விடாமல் இடி முழங்கினது, மழை மட்டும் வரேல்ல எண்டு சொல்லுவார். வாற கலியாணவீடு, செத்தவீடு எல்லாத்திலயும் இதே கதை. நாங்கள் பேரப்பிள்ளைகள் "அம்மப்பா, மழை வந்ததோ?" எண்டு கேட்டுச் சிரிக்கிறது.

இதழில ஒரு சின்ன வரைபடம். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், யப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கினது, 1942 ஏப்ரல் 9, காலை. இடம் குறிச்சிருக்கிற புள்ளி எங்கட ஊருக்கு நேரே, சில மைல் தூரம். தப்பின ஆக்களை 'வீட்டா' எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் ஏத்திக்கொண்டு போனதாம். இப்ப அந்தக் கப்பலைப் பாக்க வெளிநாட்டுக்காரர் வந்து சுழியோடுகினம். அது எனக்கு முதலே தெரியும். ஆனா அந்த முழக்கத்தையும் இந்தக் கப்பலையும் நான் ஒருநாளும் பொருத்திப் பாக்கேல்ல.

அம்மப்பா போய்ப் பதினாறு வருசம்.

கோட்டைவாசி, வேலூர்

எல்லோருக்கும் நன்றி. மாமனார் நேற்று மறுபடியும் கேட்டார், "என்ன தோல்னு பதில் போட்டானா?" என்று. இரண்டாம் இதழ் வந்துவிட்டது, கடிதங்கள் பகுதியில் முழுக்கப் புகைபோக்கிதான்.

வாத்தியார் மகன், நாகர்கோவில்

அப்பா இரண்டாம் இதழைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். கையில் சிவப்புப் பேனா.

ஜவ்வாதுமலை

சுபேதார் ஐயா, ஆயா குளிக்கப் போன நேரம் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எண் முழுசாக இருக்கிறது. பெயரில் முதல் நான்கு எழுத்து தெரிகிறது, மீதி தேய்ந்துவிட்டது. ஆனால் அது தாத்தா பெயர் இல்லை. எப்படி எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் வரவில்லை. தாத்தாவின் அப்பா பெயரும் இல்லை, வீட்டில் யார் பெயரும் இல்லை.

ஆயா வந்ததும், "இதில் யார் பேரோ இருக்கே" என்று காட்டினேன். ஈரக் கையால் தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "அவருகூட ஒருத்தர் போனாருன்னு சொல்வாரு" என்றார். யார் என்றேன். பேர் ஞாபகம் இல்லையாம்.

"பீரோவத் தொறக்கணும், குடு" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.