புதுப்பிப்பு: எங்கள் மாஸ்டடான் வழங்கியில் புதியவர்கள் தங்கத் தொடங்கியிருக்கிறார்கள்

மாஸ்டடான் என்பது தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளம். அதில் நாங்கள் நடத்தும் சிறிய வழங்கியில் சேர்பவர்கள் 2 நாளில் ஓசையின்றி மறைந்துவிடுகிறார்கள் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பழைய உறுப்பினர்களின் பாராமுகமே காரணம் என்று அப்போது நினைத்தது பாதி தவறு. வழங்கியில் ஒருவராவது பின்தொடரும் கணக்குகளின் பதிவுகளே பெரும்பாலும் இங்கு வந்து சேரும் என்பதால், ஆள் குறைந்த இடத்தில் புதியவர் ஒரு குறிச்சொல்லைத் தேடினால் வெறுந்திரைதான் கிடைக்கிறது. முதலில், பல வழங்கிகளின் பொதுப் பதிவுகளை ஒன்றுதிரட்டி அனுப்பும் ரிலே என்ற இடைச்சேவை ஒன்றில் இணைந்தோம். குப்பையும் சேர்ந்தே வந்ததால் அதைத் துண்டித்துவிட்டு, பின்தொடரத்தக்க 40 கணக்குகளைச் சிஎஸ்வி என்னும் பட்டியல் கோப்பாகத் தொகுத்து, சேர்பவர்கள் அப்படியே தம் கணக்கில் ஏற்றிக்கொள்ளும்படி கொடுத்தோம். சென்ற வாரம் ஒருவர் மாடித்தோட்டத்துப் பாகற்கொடியின் படத்துடன் அறிமுகம் எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் 3 பதில்கள் வந்தன, அவற்றில் ஒன்று பழ ஈ பற்றிய எச்சரிக்கை. அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். இரவுநேர மட்டுறுத்தல் (பதிவுகளைக் கண்காணித்துத் தகாதவற்றை நீக்கும் வேலை) மட்டும் இன்னமும் என் ஒருவன் தலையில்தான் இருக்கிறது.