முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதும் மாற்றியும் சத்தம் போகவில்லை, அவசர உதவி தேவை

கரையோரம் | சனி இரவு 9.42

வணக்கம் நண்பர்களே. என் காரின் முன்பக்கம் ஷாக் அப்சார்பர், சக்கரத்தைக் கீழிருந்து சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் நானே மாற்றிவிட்டேன். இரண்டு நாள் வேலை. எல்லாம் புதிய உதிரிபாகங்கள். ஆனாலும் பழைய 'டக் டக்' அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு 'டங்' என்று புதிதாக ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. வியாழக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும். இனி எதை மாற்றுவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கிரீஸ்கை | சனி இரவு 9.55

என்ன வண்டி, எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? 'டக் டக்' சிறு மேடு பள்ளத்தில் வருகிறதா, பெரிய குழியில் வருகிறதா, பிரேக் பிடிக்கும்போதா? 'டங்' எப்போது? ஷாக் மட்டும் மாற்றினீர்களா, அதன் தலையில் இருக்கும் மவுண்ட், பேரிங் இரண்டும் சேர்த்தா? இவை தெரியாமல் யார் எது சொன்னாலும் ஊகம்தான்.

திருப்புளி | சனி இரவு 10.08

லிங்க் ராடுதான், சந்தேகமே வேண்டாம். புதிது போட்டாலும் அதுவாகத்தான் இருக்கும். நட்டை இறுக்கும்போது அதன் பந்து முனையும் கூடவே சுற்றும். ஸ்பேனர் சுற்றுகிறது, நட் இறுகிவிட்டது என்று நாம் நினைப்போம், ஆனால் இறுகியிருக்காது. முனையின் நடுவில் ஆலன் சாவிக்கு ஒரு குழி இருக்கும். அதில் சாவியைப் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும். என் வண்டியில் இரண்டு முறை இப்படி நடந்தது.

சோதிப்பது எளிது. இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி வைத்துவிட்டு, அதே சாலையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், வேகம் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

மண்சாலை | சனி இரவு 10.31

எனக்கு ஸ்டீயரிங் ரேக் மீதுதான் சந்தேகம், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். ஓடிக் களைத்த வண்டியில் ரேக்கின் உள்ளே தண்டைத் தாங்கும் உறையான புஷ் தேய்ந்திருக்கும். சிறு கற்கள் மீது போனால் ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே அந்த அதிர்வு தெரியும். உங்கள் கைக்குத் தெரிகிறதா?

நெம்புகோல் | சனி இரவு 11.02

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நோய் எதுவென்று பார்க்காமல் மருந்துக்கடையையே வாங்கி வந்திருக்கிறீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் இத்தனை பாகங்களைக் கழற்றியது முதல் தவறு. வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது இரண்டாவது. இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன், இப்படிப்பட்ட கேள்விகள் வாரம் ஒன்று வருகின்றன. முதலில் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.

கரையோரம் | ஞாயிறு காலை 6.50

தெரியாததால்தான் கேட்கிறேன் ஐயா.

2009-ஆம் ஆண்டுச் சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக். 1,86,000 கிலோமீட்டர். 'டக் டக்' இருபது, முப்பது வேகத்தில் கரடுமுரடான சாலையில் வருகிறது, இடப்பக்கம் அதிகம். 'டங்' வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் வருகிறது. கம்பியை இழுத்து விட்டதுபோல் இருக்கும். ஸ்பிரிங் பழையதுதான். மவுண்டும் பழையதுதான், பார்வைக்கு நன்றாக இருந்ததால் அப்படியே போட்டுவிட்டேன். ஸ்டீயரிங்கில் அதிர்வு இல்லை. முன்பக்கம் முன்பைவிடச் சற்று உயரமாகத் தெரிகிறது, புதிய ஷாக் என்பதால் இருக்கலாம்.

கிரீஸ்கை | ஞாயிறு காலை 7.20

இந்தப் பதில் போதும், பாதி விஷயம் விளங்கிவிட்டது. நன்றி.

'டங்' சத்தத்துக்கு அந்தப் பழைய மவுண்டைத்தான் முதலில் பிடிப்பேன். உங்கள் வண்டியில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது. பொறியாளர் எர்ல் மெக்பெர்சன் 1940-களில் வகுத்த அமைப்பு இது. 1950-ல் வந்த ஃபோர்டு கான்சலில் இருந்ததும் இதுதான். எளிமையும் சிக்கனமும் சேர்ந்ததால் சிறிய கார்கள் பெரும்பாலும் இதையே எடுத்துக்கொண்டன. சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்றால், தனியாக ஒரு மேல் ஆர்ம் கிடையாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து மொத்தமாகச் சுழலும். அப்படிச் சுழல்வதற்காகத்தான் உச்சியில் ஒரு பேரிங். அது துருப்பிடித்தோ மண் புகுந்தோ இறுகிவிட்டால் ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு தாங்காத கணத்தில் துள்ளி விடுபடும். நீங்கள் கம்பியை இழுத்து விட்டதுபோல் என்று எழுதியது அதைத்தான்.

கையால் உறுதி செய்யலாம். வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பட்டும். நீங்கள் சக்கர வளைவுக்குள் கைவிட்டு, ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தை இரண்டு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். சுருள்களுக்கு இடையே விரல் போகக் கூடாது. பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் சீராக நழுவிச் சுழலும். கெட்டிருந்தால் முதலில் அசையாது, பிறகு ஒரு குதி குதிக்கும். அந்தக் குதி விரல் நுனியில் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று கேட்க வேண்டும். லோயர் ஆர்ம் போல்ட்டுகளை எந்த நிலையில் இறுக்கினீர்கள்? வண்டி ஜாக்கி மேல், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதா, தரையில் இறக்கிய பிறகா?

திருப்புளி | ஞாயிறு காலை 8.05

மவுண்ட் இருக்கட்டும். 'டக் டக்' இடப்பக்கம் அதிகம் என்கிறார், கரடு சாலையில் குறைந்த வேகம் என்கிறார். அது லிங்க் ராடின் குரல்.

சாலைப்பயணி | ஞாயிறு காலை 9.14

ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்களை இன்னொரு முறை கழற்ற நேர்ந்தால் ரப்பருக்குப் பதிலாக, அதைவிடக் கடினமான பாலியூரித்தேன் போடுங்கள். ரப்பரைவிட நெடுநாள் உழைக்கும். எண்ணெய் பட்டாலும் ஊறாது. ஸ்டீயரிங்கும் கூர்மையாகிவிடும்.

நெம்புகோல் | ஞாயிறு காலை 9.40

சத்தம் போகவில்லை என்று அழுகிறவருக்குப் பாலியூரித்தேனா? அது அதிர்வையெல்லாம் வண்டியின் உடலுக்கு அனுப்பும். கிரீஸ் வற்றினால் கிரீச் என்று கத்தும். பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு உரியதை அம்மாவை அழைத்துப் போகும் வண்டிக்குப் பரிந்துரைக்காதீர்கள்.

சாலைப்பயணி | ஞாயிறு காலை 9.58

ஐயா, நான் ஓட்டுவதும் குடும்ப வண்டிதான். நான்கு ஆண்டுகளாகப் பாலியூரித்தேன் புஷ்தான் இருக்கிறது. போடும்போது சிலிக்கோன் கிரீஸை ஒழுங்காகத் தடவினால் சத்தம் வராது. பயன்படுத்திப் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

மண்சாலை | ஞாயிறு காலை 10.20

நான் பயன்படுத்திப் பார்த்தவன். எட்டாவது மாதமே சத்தம் தொடங்கியது, கழற்றிவிட்டு ரப்பருக்கே திரும்பினேன். மண்ணும் தூசியும் உள்ள சாலையில் கிரீஸ் தங்குவதில்லை.

சாலைப்பயணி | ஞாயிறு காலை 10.31

கடினத்தில் பல தரங்கள் உண்டு. நீங்கள் போட்டது எந்தத் தரம்?

கரையோரம் | ஞாயிறு பிற்பகல் 1.15

தொங்கும்போதுதான் இறுக்கினேன். ஜாக்கி மேல் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு பலத்தோடு இறுக்கி முடித்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்டினேன். தவறா?

கிரீஸ்கை | ஞாயிறு பிற்பகல் 2.02

தவறுதான். ஆனால் பலரும் செய்கிற தவறு, இன்றே சரிசெய்தால் பாகம் கெடாது.

ரப்பர் புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழல் வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுவே ஓய்வு நிலையாகிவிடுகிறது. வண்டியை இறக்கியதும், சும்மா நிற்கும்போதே ரப்பர் முழுதும் முறுக்கிய நிலையில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்கும். புத்தம் புதிய புஷ் சில மாதங்களில் கிழிவது இப்படித்தான். முறுக்கிய ரப்பர் வண்டியை மேலே தள்ளவும் செய்யும். வாயு நிரப்பிய புதிய ஷாக்கும் சிறிது உயர்த்தும் என்பதால் முழுக் காரணமும் இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் உயரத்தில் இதற்கும் பங்கு உண்டு.

செய்ய வேண்டியது: முன்சக்கரங்கள் இரண்டையும் ராம்ப் எனும் சாய்தளத்தின் மீது ஏற்றுங்கள், பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே, ஆர்மைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள், ரப்பர் தன் இடத்துக்கு வரும். பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, உங்கள் வண்டியின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஆர்மின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் நட்டைத் தொட வேண்டியதில்லை. ராம்ப் இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

சாலைப்பயணி | ஞாயிறு பிற்பகல் 2.20

பாலியூரித்தேனில் நடுக்குழல் தனியாகச் சுழலும், இந்த முறுக்குப் பிரச்சினையே கிடையாது. அதையும் சொல்லியிருக்கலாம்.

கிரீஸ்கை | ஞாயிறு பிற்பகல் 2.34

உண்மை. சுழல்வதால்தான் கிரீஸும் தேவைப்படுகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம் நண்பரே, இவருக்கு வியாழன் வரைதான் அவகாசம்.

நீலவண்டி | ஞாயிறு மாலை 4.45

மவுண்டை மாற்றப் போகிறவருக்கு ஒரு சொல். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இரண்டையும் நேர் எதிர் எதிராக மாட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உச்சி நட்டைத் தொட வேண்டும். அதற்கு முன் அந்த நட் கழன்றால் ஸ்பிரிங் குண்டுபோல் பாயும். என் அண்ணன் ஒரு முறை கம்ப்ரஸர் நழுவி மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். மவுண்ட் பறந்து போய்ச் சுவரில் பள்ளம் விழுந்தது. அந்த நேரத்தில் தலை அதற்கு நேராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தயக்கம் இருந்தால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி எடுத்துப்போய், பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெம்புகோல் | ஞாயிறு மாலை 6.10

சகோதரி சொல்வது சரி. நானும் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, உச்சி நட் சுற்றும்போது ஷாக்கின் தண்டும் சுற்றும். அதைப் பிளையரால் பிடிக்காதீர்கள். பளபளப்பான அந்தத் தண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அது ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசியும். தண்டின் முனையில் ஆலன் சாவியைப் போட்டுப் பிடியுங்கள். இரண்டு, ஸ்ட்ரட்டைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றும் முன் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். சில வண்டிகளில் சக்கரத்தின் சாய்வை அந்த போல்ட்டே தீர்மானிக்கிறது. தம்பி ஏற்கெனவே ஒரு முறை கழற்றியாயிற்று, கோடு போட்டாரா என்று தெரியவில்லை.

மண்சாலை | திங்கள் காலை 7.30

கரையோரம், விரலால் தொட்டுப் பார்த்தீர்களா? ரேக் இல்லை என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது எப்படியானாலும் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையாவது பாருங்கள்: சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பெரும்பாலும் டை ராடு. 12, 6 இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்.

நீலவண்டி | செவ்வாய் இரவு 8.12

ஏதாவது செய்தி உண்டா? நாளை மறுநாள் பயணம் என்றீர்களே.

கரையோரம் | புதன் இரவு 10.47

எல்லோருக்கும் நன்றி. இடப்பக்க மவுண்ட் பேரிங் கையால் சுற்றினால் சுற்றவே இல்லை, உள்ளே துரு. வலப்பக்கம் கரகரத்தது. ஸ்பிரிங் வேலையைப் பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் புதிது மாற்றியாயிற்று. ஆர்ம் போல்ட்டுகளை ராம்ப் மேல் தளர்த்தி இறுக்கினேன். தளர்த்திய நொடியில் ஆர்ம் 'டப்' என்று அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். முன்பக்கம் இறங்கிவிட்டது. இடப்பக்க லிங்க் ராடின் கீழ் நட் அரைச் சுற்று இறுகியது, திருப்புளி அண்ணாவுக்குத் தனி நன்றி. 'டங்' அறவே இல்லை. 'டக் டக்' இல்லை என்றே நினைக்கிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.

திருப்புளி | புதன் இரவு 10.52

சொன்னேன் அல்லவா, லிங்க் ராடு.

கிரீஸ்கை | புதன் இரவு 11.05

மிக்க மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் எழுதவில்லை: வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்தீர்களா? ஆர்ம், ஸ்ட்ரட் இரண்டையும் கழற்றியிருக்கிறீர்கள். பார்க்காமல் நெடுந்தூரம் போனால் டயரின் விளிம்பு தேய்ந்துவிடலாம், மழைச் சாலையில் பிடிமானமும் குறையலாம். நாளை போகும் வழியிலாவது நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

நெம்புகோல் | வியாழன் காலை 6.15

கோடு போட்டாரா இல்லையா என்பதற்கும் பதில் வரவில்லை.

கிரீஸ்கை | சனி காலை 9.30

கரையோரம், பயணம் நல்லபடியாக முடிந்ததா? அலைன்மெண்ட்?