‘பில்லர்’ வரும் இடமெல்லாம் ‘தூண்’ போடலாமா?

கேள்வி:
மொழிபெயர்ப்பில் ‘பில்லர்’ என்ற சொல் வரும்போதெல்லாம் ‘தூண்’ என்று போட்டால் பல வரிகள் இடறுகின்றன. கட்டடத்தில் வருகிறது, கார் பாகத்தில் வருகிறது, ஒரு கொள்கைக்கு ‘ஐந்து பில்லர்கள்’ என்றும் வருகிறது. ‘ஃப்ரம் பில்லர் டு போஸ்ட்’ வேறு. எதை வைத்துப் பிரிப்பது?

பதில் 1:
அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பாரம் தாங்கினால் தூண். தாங்க ஒன்றுமில்லாமல் உயர்ந்து தனியே நின்றால் கம்பம்: கொடிக்கம்பம், மின்கம்பம். எதையாவது கட்டிவைக்க நட்டிருந்தால் தறி; பழைய நடையில் கந்து. மண்டபத்தைத் தூண் எண்ணிக்கையால் குறிக்கும்போது ‘கால்’ வரும்: நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம். பந்தலுக்கும் கால்தான்.

‘ஸ்தம்பம்’ சமயச் சூழலிலும் நினைவுச் சின்னங்களிலும் பொருந்தும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் பாருங்கள்: இஸ்ரவேலருக்கு வழிகாட்டியவை மேகஸ்தம்பமும் அக்கினிஸ்தம்பமும், லோத்தின் மனைவி ஆனதோ உப்புத்தூண். ஆங்கிலத்தில் இவை எல்லாமே ‘பில்லர்’.

உருவகத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ‘ஐந்து தூண்கள்’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். குறள் 983 அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என ஐந்தையும் சால்பை, அதாவது நற்குண நிறைவை, ஊன்றிய தூண் என்கிறது. குறள் 615-இல் உழைப்பை விரும்புபவன் சுற்றத்தாரின் ‘துன்பம் துடைத்தூன்றும் தூண்’. இரண்டிலும் ‘ஊன்று’ என்ற வினை கூடவே நிற்கிறது. ஆகவே சோதனை எளிது: அந்த ஐந்தில் ஒன்றை எடுத்தால் மேலே உள்ளது சரியுமா? சரியும் என்றால் தூண். ஒரு திட்டத்தின் நான்கு பிரிவுகளைத்தான் ‘பில்லர்’ என்கிறார்கள் என்றால் ‘கூறுகள்’ போதும். இஸ்லாத்தைப் பற்றிய இடத்தில் ‘ஐந்து கடமைகள்’ என்பதே தமிழில் வேரூன்றிய வழக்கு. அதை மாற்ற வேண்டாம்.

‘ஃப்ரம் பில்லர் டு போஸ்ட்’ வந்தால் தூணையும் கம்பத்தையும் மறந்துவிட்டு ‘அலைக்கழித்தார்கள்’ என்று எழுதுங்கள்.

பதில் 2:
கட்டுமானப் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை. வேலையிடத்தில் ‘பில்லர்’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இன்படி, அழுத்தம் தாங்கும் உறுப்பின் செயல்படு நீளம் (வடிவமைப்புக் கணக்கில் எடுக்கும் நீளம்) அதன் குறுகிய பக்கத்தைப் போல் 3 மடங்கைத் தாண்டினால்தான் அது ஆங்கிலத்தில் ‘காலம்’ எனப்படும் தூண். தாண்டாவிட்டால் ‘பெடஸ்டல்’, அதைப் பீடம் எனலாம். குறுகிய பக்கம் 230 மி.மீ. என்றால் எல்லை 690 மி.மீ.

இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. தூணுக்கு நெடுக்குக் கம்பி குறைந்தது குறுக்குவெட்டுப் பரப்பில் 0.8%, பலத்துக்குக் கம்பியைக் கணக்கில் எடுக்காத பீடத்துக்கு 0.15%. 230 × 300 மி.மீ. தூணில் 552 சதுர மி.மீ. கம்பி வேண்டும். 12 மி.மீ. கம்பி நான்கு வைத்தால் ஏறத்தாழ 452-தான் வரும், போதாது. ஆறு வைத்தால் 678. எல்லாவற்றையும் ‘தூண்’ என்று மொழிபெயர்த்தால் எந்த விதி எதற்கு என்பதே தெரியாமல் போகும். அதே பத்தியில் கம்பியும் வருவதால் ‘கம்பம்’ என்ற சொல்லை அங்கே தவிர்ப்பது நல்லது, வாசகர் குழம்புவார்.

காரில் ‘ஏ-பில்லர்’ என்றே விடுங்கள். முன்கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் இடையில் நிற்பது ஏ, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் பி. கூரையைத் தாங்குவதால் முதல் முறை மட்டும் ‘கூரைத் தூண்’ என்று விளக்கினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
தெளிவாகிவிட்டது. சுவரோடு ஒட்டிப் பாதி மட்டும் துருத்தி நிற்பதை என்ன சொல்வது?

பதில் 1:
அரைத்தூண். கோயில் கட்டடக்கலை பற்றிய வரி என்றால் உறுப்புகளின் பெயரையும் சரியாகப் போடுங்கள். உச்சியில் உத்திரத்தைத் தாங்கிக் கைபோல் நீள்வது போதிகை. அதற்குக் கீழே கழுத்துப்போல் இருப்பது வீரகண்டம், அதன்கீழ் தட்டையாக இருப்பது பலகை. மூன்றையும் சேர்த்து ‘தூணின் தலை’ என்று எழுதினால் போதிகையின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பதைப் பற்றி வரும் அடுத்த வரி புரியாது.