பிலிப்பைன்ஸ் கத்துகிறது, மலேசியா வாயைத் திறப்பதில்லை: தென்சீனக் கடலில் எது எடுபடுகிறது?

அலைக்கோடு (சென்னை):
2025 ஆகஸ்ட் 11 அன்று, பிலிப்பைன்ஸும் சீனாவும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டு அருகே எடுத்த வீடியோவைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் கப்பலைத் துரத்தி வந்த சீனக் காவல் கப்பலும் சீனக் கடற்படையின் போர்க்கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. படத்தை வெளியிட்டது மணிலா. பெய்ஜிங்கோ மோதலைப் பற்றி மூச்சு விடவில்லை, பிலிப்பைன்ஸ் கப்பலை விரட்டிவிட்டோம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

2023இலிருந்து பிலிப்பைன்ஸ் இப்படித்தான் செய்கிறது. லேசர் அடித்தாலும் தண்ணீர் பீய்ச்சினாலும் காட்சி உடனே வெளியே வந்துவிடும். ரோந்துக் கப்பலில் பத்திரிகையாளர்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். இதே சீனக் கப்பல்கள் மலேசியாவின் சரவாக் மாநிலக் கடலில் வருஷக்கணக்காகச் சுற்றுகின்றனவே, மலேசியா ஏன் ஒரு படம்கூடப் போடுவதில்லை? எனக்கு இது பயமாகத்தான் தெரிகிறது.

கிள்ளான்வாசி:
பயம் என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிட்டீர்கள் சார். விளைவைப் பாருங்கள். சரவாக் கடலில் எங்கள் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் கசாவாரி வயலில் 2024இல் எரிவாயு வர ஆரம்பித்தது. சீனக் கப்பல் வந்தது, சுற்றியது, ஆனால் துளையிடும் வேலை நிற்கவில்லை. பிலிப்பைன்ஸ் பக்கம் வாருங்கள். அவர்களுடைய ரெக்டோ திட்டில் எரிவாயுத் தேடலை 2022 ஏப்ரலில் அவர்களுடைய அரசே நிறுத்தி வைத்தது. எரிவாயு எடுப்பவன் எவன், வீடியோ எடுப்பவன் எவன்?

வாயையே திறப்பதில்லை என்பதும் சரியில்லை. 2021 மே 31 அன்று 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் பக்கம் வந்தபோது லாபுவானிலிருந்து எங்கள் போர் விமானங்கள் கிளம்பின. விமானப்படையே அறிக்கை விட்டது, சீனத் தூதருக்கும் அழைப்பு போனது. பேச வேண்டிய அன்று பேசுகிறோம். தினமும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அலைக்கோடு:
//எரிவாயு எடுப்பவன் எவன்//
நல்ல கேள்வி. ஆனால் பிலிப்பைன்ஸ் அமைதி வழியை முயன்று பார்க்காத நாடு இல்லையே. 2012இல் ஸ்கார்பரோவில் இரு தரப்பும் எதிரெதிரே நின்றன. அமெரிக்கா நடுவில் புகுந்து, இருவரும் விலகுங்கள் என்று பேசி முடித்தது. மணிலா விலகியது. சீனக் கப்பல்கள் நகரவில்லை. திட்டு கைவிட்டுப் போனது சத்தம் போட்டதால் அல்ல, சத்தமில்லாத பேரத்தை நம்பியதால்.

பிறகு அதிபராக வந்த துதர்தே. 2016 ஜூலை 12 அன்று தி ஹேக் நடுவர் மன்றம் தென்சீனக் கடலின் பெரும்பகுதி தனதே என்று சீனா வரைபடத்தில் போட்டுக் கோரும் ஒன்பது கோட்டு உரிமைக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று தீர்ப்பளித்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு பெய்ஜிங்கோடு உறவு கொண்டாடினார். கிடைத்தது என்ன? 2021 மார்ச்சில், பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் விட்சன் திட்டில் 200க்கு மேல் சீனப் படகுகள் வரிசை கட்டி நின்றன. மீன்பிடிப் படகுகளாம், புயலுக்கு ஒதுங்கினவாம். ஆறு வருஷம் அமைதியாக இருந்து பார்த்தவர்கள்தான் இப்போது கேமராவைத் தூக்கியிருக்கிறார்கள்.

ஜூரோங் மீனா:
இரண்டு பேரும் குரலின் அளவையே பேசுகிறீர்கள். முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டாமா? பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்காவோடு 1951 பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. 2023இல் இன்னும் நான்கு தளங்களை அமெரிக்கர்களுக்குத் திறந்துவிட்டதில் மொத்தம் ஒன்பது ஆயிற்று. இந்தியாவிடம் பிரமோஸ் ஏவுகணை வாங்கி, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தும்விட்டது. அந்தத் தைரியத்தில் அவர்கள் கத்தலாம். மலேசியாவுக்கும் எங்கள் சிங்கப்பூருக்கும் இருப்பது 1971இன் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு. தாக்குதல் நடந்தால் கூடிக் கலந்து பேசுவோம் என்பதுதான் அதில் உள்ள உறுதி. கலந்து பேசத்தான்!

ஆனால் அண்ணே, கிள்ளான்காரரே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அமைதி வேலை செய்வதே மணிலாவின் சத்தத்தால்தானோ என்று எனக்குச் சந்தேகம். சீனாவின் பெரிய காவல் கப்பல்கள் ஸ்கார்பரோவிலும், பிலிப்பைன்ஸ் படை இருக்கும் அயுங்கின் திட்டிலும் மாட்டிக்கொண்டிருப்பதால்தான் சரவாக்கில் ஓரிரண்டோடு போகிறது. அங்கே அடங்கிவிட்டால் அடுத்த முறை யார் முறை?

கிள்ளான்வாசி:
மீனா, 'அடுத்த முறை' என்று எங்களைப் பயமுறுத்தாதீர்கள்! அயுங்கினையே எடுத்துக்கொள்வோம். 1999இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த பழைய கப்பலில் ஒரு சிறு படை. 2024 ஜூன் 17 அன்று அதற்குச் சாமான் கொண்டுபோன படகுகளைச் சீனர்கள் கத்தி, கோடரியோடு மறித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் வீரருக்குக் கட்டைவிரல் போயிற்று. உலகமே காட்சியைப் பார்த்தது. அப்புறம் என்ன நடந்தது? ஜூலையில் இரு நாடும் மூடிய அறையில் உட்கார்ந்து ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன, அந்த மாதமே சாமான் சண்டையில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டின் வாசகத்தை மணிலா இன்றுவரை முழுசாக வெளியிடவில்லை. வெளிப்படைத்தன்மையின் நாயகர்கள்!

பூவன்:
வியட்நாமை யாரும் பேசக் காணோம். 1988இல் ஜான்சன் திட்டில் 64 வீரர்களைச் சீனாவிடம் இழந்த நாடு. இப்போது கத்துவதும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் இல்லை. 2021இலிருந்து தென்சீனக் கடலின் ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்தில் தன் வசமுள்ள திட்டுகளில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டே போகிறது. சீனா பெரிதாக வாயே திறக்கவில்லை. யோசியுங்கள் மக்களே.

அலைக்கோடு:
பூவன் சொல்வது பாதிதான் பொருந்தும். அங்கே சீனாவையும் வியட்நாமையும் ஆளும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு நடுவே தனி வாசல் இருக்கிறது, மணிலாவுக்கு அது கிடையாது.

//மூடிய அறையில்//
காட்சி வெளியே வந்து உலகம் கேள்வி கேட்ட பிறகு திறந்த அறை அது. கட்டைவிரல் போனதை மறைத்திருந்தால் சீனா எதற்கு உட்கார்ந்து பேசப்போகிறது?

உங்கள் கதைக்கு வருவோம். சரவாக் கடலில் இருக்கும் லூகோனியா திட்டுகள் அருகே எல்லா வேலையையும் நிறுத்து என்று 2024 பிப்ரவரியில் சீனா மலேசியாவுக்குக் குறிப்பு அனுப்பியது. அது மலேசிய மக்களுக்கு எப்போது தெரிந்தது? ஆகஸ்ட் கடைசியில், ஒரு மணிலா நாளிதழ் வெளியிட்டபோது! மலேசிய வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ரா உடனே என்ன செய்தது? கசியவிட்டது யார் என்று போலீசில் புகார் கொடுத்தது.

கிள்ளான்வாசி:
அந்தப் புகார் எனக்கும் பிடிக்கவில்லை. குறிப்பைச் சொந்த மக்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பிரதமர் அன்வார் பதில் சொன்னார், அதுவும் ரஷ்யாவின் விளாடிவோஸ்டோக்கில் நின்றுகொண்டு: தேடலை நிறுத்த மாட்டோம், அது எங்கள் கடல் என்று. வேலை நிற்கவும் இல்லை. குறிப்பு வந்தது, தண்ணீர் பீரங்கி வரவில்லை.

ஜூரோங் மீனா:
சரி, நேராகக் கேட்கிறேன். இந்தக் கடலில் நடந்துகொள்வது பற்றி ஆசியான் நாடுகளும் சீனாவும் 2002இல் நோம்பென்னில் கையெழுத்திட்ட பிரகடனத்துக்குப் பிறகு, அதற்கான நெறிமுறை, நெறிமுறை என்று இத்தனை வருஷம் இழுத்தாயிற்று. 2026இல் ஆசியான் தலைமை பிலிப்பைன்ஸிடம், அந்த ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்கிறார்கள். எந்தெந்த இடத்துக்கு அந்த நெறிமுறை செல்லும் என்பதே இன்னும் சண்டை. லூகோனியா அந்தப் பட்டியலில் வரவேண்டும் என்று மலேசியா கேட்குமா?

கிள்ளான்வாசி:
கேட்கக்கூடாது. லூகோனியா சரவாக் கரையிலிருந்து சுமார் 100 கடல் மைலில் இருக்கிறது, எங்கள் பொருளாதார மண்டலம். பட்டியலில் போட்டால் அங்கே தகராறு உண்டு என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி. படம் போடாததற்கும் காரணம் அதுதான். தினமும் படம் போட்டால் அது செய்தி, செய்தியானால் தகராறு, தகராறானால் 'வாருங்கள், எரிவாயுவைக் கூட்டாக எடுக்கலாம்' என்று சீனாவிடமிருந்து அடுத்த கடிதம் வரும்.

அலைக்கோடு:
தகராறே இல்லாத இடத்தில் இத்தனை வருஷமாகச் சீனக் காவல் கப்பல் எதற்கு நிற்கிறது சார்?

கிள்ளான்வாசி:
நிற்கட்டும். டீசல் அவர்கள் காசு, எரிவாயு எங்கள் காசு.